வாடகை ஒப்பந்தத்தில் மறைக்காமல் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாடகை வீட்டில் செல்லப்பிராணி வளர்க்கலாமா, கூடாதா என்று தங்கள் நாளிதழில் வாசகர்கள் எழுதும் கடிதங்களைப் படித்துவருகிறேன். எல்லாரும் நாயையும் பூனையையும் பற்றியே எழுதுகிறார்கள். நாயை ஒளித்து வைக்க முடியாது, குரைத்தால் தெருவுக்கே தெரிந்துவிடும். கடலூரிலும் புதுச்சேரியிலும் மாடி போர்ஷன்களில் இப்போது ஒளித்து வளர்க்கப்படுபவை வேறு. கோன்யூர் கிளி, பந்து போலச் சுருண்டுகொள்ளும் பால் பைத்தான் என்ற வெளிநாட்டு மலைப்பாம்பு, இகுவானா என்ற பெரிய ஓணான், கண்ணாடித் தொட்டியில் சிவப்புக் காது ஆமை, பகலெல்லாம் துணிப்பையில் தூங்கிவிட்டு ராத்திரி விழிக்கும் சுகர் கிளைடர் என்ற அணில் போன்ற குட்டிப் பிராணி. இவற்றைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

நான் மஞ்சக்குப்பத்தில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். தட்டச்சு இயந்திரத்தில் கார்பன் தாள் வைத்து அடித்த காலத்திலிருந்து வாடகை ஒப்பந்தம் தயார் செய்துவருகிறேன். வீட்டு ஓனர், குடிவருகிறவர், நடுவில் புரோக்கர் என்று மூன்று பேர் வந்து நிற்பார்கள். வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, கரண்ட் பில் யூனிட்டுக்கு எவ்வளவு என்பதை மட்டும் கவனமாகச் சொல்வார்கள். மற்றதெல்லாம் பழைய மாதிரிதான். அந்த மாதிரியில் ஒரு வரி பல காலமாக இருக்கிறது: “குடியிருப்பவர் மேற்படி வீட்டில் ஆடு, மாடு, கோழி, நாய், பூனை முதலிய எவ்விதப் பிராணிகளையும் வளர்க்கக் கூடாது.” இதை ஓனரும் படிப்பதில்லை, குடிவருகிறவரும் படிப்பதில்லை. இருவரும் கையெழுத்துப் போடுகிறார்கள். மறுநாள் விடியற்காலையில் பாத்திரம் பண்டத்தோடு போர்வை சுற்றிய கூண்டு ஒன்றும் மாடி ஏறிவிடுகிறது.

என் தெருவிலேயே நடந்ததைச் சொல்கிறேன். கீழே ஓனர் குடும்பம், மேலே வேலைக்குப் போகும் இளம் கணவன், மனைவி. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வந்தபோது, ஓனர் வெளியே போன் பேசப் போன சமயம் பார்த்து அந்தப் பெண், “அக்கா, அந்தப் பிராணி வரியை எடுத்துட முடியுமா?” என்று கேட்டாள். ஓனரிடம் சொல்லாமல் எடுக்க முடியாது என்றேன். அப்புறம் ஒரு நாள் திருத்தத்தில் கையெழுத்து வாங்க அவர்கள் வீட்டுக்குப் போனபோது, என்னிடம் மறைக்க வேண்டாம் என்று குளியலறையைத் திறந்து காட்டினாள்.

கவிழ்த்து வைத்த பெரிய பிளாஸ்டிக் டப் மேல் கூண்டு. கூண்டின் மேல் ஈரத் துண்டு. துண்டை விலக்கினால் சன் கோன்யூர். தென் அமெரிக்கப் பறவை, மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பார்க்கப் பார்க்கக் கண் நிறையும் பறவை. தலை அப்படித்தான் இருந்தது. கழுத்துக்குக் கீழே மார்பு முழுக்க இறகே இல்லை. உரித்த கோழி போலத் தோல், அதில் இரண்டு மூன்று இடத்தில் காய்ந்த ரத்தப் பொட்டு. தானே அலகால் பிடுங்கிக்கொண்டிருக்கிறது. தலை மட்டும் ஏன் நன்றாக இருக்கிறது என்று கேட்டேன். “தலைக்கு அலகு எட்டாதே அக்கா” என்றாள்.

கூட்டமாக வாழ்கிற இனம் இது. நல்ல வெளிச்சமும் பேச்சுச் சத்தமும் கொறிக்க மரத்துண்டும் வேண்டும். இருட்டில், தனியாக, சும்மா உட்கார வைத்தால் தன் இறகையே பிடுங்கத் தொடங்கிவிடும். அதன் குரலோ இரண்டு வீடு தாண்டிக் கேட்கும். அதனால்தான் கீழே கேட் கொக்கி சத்தம் கேட்டவுடன் கூண்டு குளியலறைக்குப் போகும். மருத்துவரிடம் காட்டலாமே என்றேன். ஓனரின் அம்மா பகல் முழுக்கத் திண்ணையில்தான் இருப்பார், அவரைத் தாண்டிக் கூண்டை எப்படி எடுத்துப்போவது என்றாள். அந்தப் பெண் கொடுமைக்காரி இல்லை. கொய்யாவும் சோளமும் தான் சாப்பிடுவதற்கு முன்னால் அதற்குத்தான் வைப்பாள். அவள் பயந்தது வீடு போய்விடும் என்று, அட்வான்ஸ் பணம் மாட்டிக்கொள்ளும் என்று.

ஓனர் கரப்பான் பூச்சித் தொல்லைக்கு மருந்து அடிக்க ஆள் வரச்சொன்னார். மேல் போர்ஷனுக்கும் சேர்த்துத் தன் செலவிலேயே. அந்த வாரக் கடைசியில் இவர்கள் திண்டிவனம் போயிருந்தார்கள், பறவைக்குத் தண்ணீரும் தீனியும் நிறைய வைத்துவிட்டு. ஓனர் மாற்றுச்சாவி போட்டுத் திறந்து, சமையலறையிலும் குளியலறை வாசலிலும் அடிக்கச் சொல்லி, ஜன்னலைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். பறவைகளின் மூச்சு அமைப்பு நம்முடையது போல் இல்லை. நுரையீரலோடு சேர்ந்த காற்றுப் பைகள் உடம்பெல்லாம் பரவியிருக்கும், உள்ளே போகிற நச்சு வெகு சீக்கிரம் ஏறிவிடும். நமக்குத் தும்மல் வருகிற அளவு அதற்கு உயிர் போகிற அளவு. அடுப்பில் காய விட்ட நான்ஸ்டிக் தவாவின் புகையே கிளியைக் கொன்றுவிடும். ஞாயிறு இரவு அவர்கள் வந்து பார்த்தபோது பறவை கூண்டின் அடித்தட்டில் கிடந்தது.

அதற்குப் பிறகுதான் ஓனருக்கு விஷயமே தெரியும். “சொல்லியிருந்தா நானே தூக்கிட்டு வந்து எங்க ஹால்ல வச்சிருப்பேனேம்மா” என்று என் கடையில் வந்து உட்கார்ந்து சொன்னார். அவர் உண்மையாகத்தான் சொன்னார். ஆனால் அவர் கையெழுத்துப் போட்ட தாளில் இருந்தது, சொன்னால் காலி செய் என்ற அர்த்தம் தரும் ஒரே ஒரு வரி.

நான் சொல்ல வந்தது இதுதான். அந்த ஒற்றை வரித் தடை பிராணியைத் தடுப்பதில்லை, மறைக்க மட்டுமே வைக்கிறது. மறைத்து வைத்தால் முதலில் பாதிக்கப்படுவது அந்த வாயில்லாத ஜீவன். அடுத்து, தன் வீட்டு மாடியில் என்ன இருக்கிறதென்றே தெரியாத ஓனரும் பக்கத்துப் போர்ஷன்காரரும்.

ஓனர்கள் பக்கத்து நியாயத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். எனக்கும் மாடியில் குடித்தனம் இருக்கிறது. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று கேட்டு வளர்ந்தவர்கள், தெரிந்தே ஒரு ஆமைத் தொட்டிக்கு இடம் கொடுக்க யோசிப்பார்கள். சைவக் குடும்பத்து வீட்டில், மேல் போர்ஷன் ஃப்ரீசரில் பாம்புக்குத் தீனியாகச் சுண்டெலி உறைய வைத்திருப்பது தெரிந்தால் மனம் என்ன பாடுபடும்? இகுவானாவுக்கும் பாம்புக்கும் சூடு தரும் விளக்கு இரவு பகலாக எரிந்தால் பழைய ஒயரிங் தாங்குமா? கீழே கைக்குழந்தை இருக்கிறது என்றால் பயம் இன்னும் அதிகம். ஆமை, ஓணான் வகைகளின் உடம்பிலும் தொட்டித் தண்ணீரிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும். அதனால் சின்னப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வரும் என்பதால்தான் அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைவான ஓடுள்ள ஆமைகளை விற்க 1975-லேயே தடை போட்டார்கள். இதெல்லாம் நியாயமான கேள்விகள். ஆனால் இந்தக் கேள்விகளில் ஒன்றைக்கூடக் கேட்க முடியாமல் செய்கிறது அந்த வரி. “கூடாது” என்று எழுதியாயிற்று, இனி இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதிலும் நம் ஊரில் பெரிய குழப்பம். வெளிநாட்டுப் பிராணி என்றால் போலீஸ் பிடிக்கும், நம் ஊர்ப் பச்சைக்கிளி என்றால் பரவாயில்லை என்று பலர் நினைக்கிறார்கள். நிலைமை தலைகீழ். பச்சைக்கிளியும் நட்சத்திர ஆமையும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை, வீட்டில் வைத்திருந்தால் சிறை வரைக்கும் போகலாம். 2024 நாடாளுமன்றத் தேர்தல் நேரத்தில் நம் தென்னம்பாக்கத்தில் வேட்பாளருக்குச் சீட்டு எடுத்துக் கொடுத்த கிளி ஜோசியரை வனத்துறை பிடித்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அப்படியிருந்தும், தன் வராந்தாவில் பச்சைக்கிளிக் கூண்டைத் தொங்கவிட்டிருக்கும் ஓனர், குடிவருகிறவரின் லவ் பேர்ட்ஸைக் கூடாது என்று திருப்பி அனுப்பியதை என் கடையிலேயே பார்த்தேன். லவ் பேர்ட்ஸ் என்று நாம் சொல்லும் பட்ஜிக்கும், காக்கட்டீல் கிளிக்கும் எந்தப் பதிவும் தேவையில்லை. அவரிடம் சொன்னேன், உங்கள் வராந்தாவில் இருக்கும் பச்சைக்கிளியை வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள் என்று.

மற்ற வெளிநாட்டு இனங்களில் பலவற்றுக்குப் பதிவு கட்டாயம். 2022-ல் வன உயிரினச் சட்டத்தைத் திருத்தினார்கள், 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அழியும் அபாயத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான சைட்ஸ் பட்டியலில் உள்ள உயிரினத்தை வைத்திருப்பவர் அதை அரசிடம் பதிவு செய்ய வேண்டும். அதற்கான விதிகள் 2024 பிப்ரவரி 28-ல் வந்தன. ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாதம் அவகாசம் கொடுத்தார்கள், புதிதாக வாங்குகிறவர் 30 நாளுக்குள் பதிய வேண்டும். பரிவேஷ் என்ற இணையதளத்தில் விண்ணப்பித்தால் மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்குப் போகும். சன் கோன்யூர், ஆப்பிரிக்க சாம்பல் கிளி, பால் பைத்தான், இகுவானா எல்லாம் இந்தப் பட்டியலில் வருகிறவை. குட்டி போட்டாலும், கைமாற்றினாலும், செத்துப்போனாலும் தெரிவிக்க வேண்டும்.

இந்தப் பதிவுக்கு விண்ணப்பிக்க என் கடைக்கு வருகிறவர்கள் முகவரிப் பகுதி வந்ததும் தயங்குகிறார்கள். வாடகை வீட்டு முகவரியைக் கொடுத்துச் சரிபார்க்க யாராவது வந்து நின்றால் ஓனருக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம். சிலர் ஊரில் இருக்கும் அப்பா வீட்டு முகவரியைப் போடச் சொல்கிறார்கள், சிலர் அப்படியே எழுந்து போய்விடுகிறார்கள். வீட்டு ஒப்பந்தத்தில் மறைக்கிறவர் அரசிடமும் மறைக்கிறார். அப்புறம், விமானத்தில் பாங்காக்கிலிருந்து பெட்டிக்குள் அடைத்துக் கடத்தி வரும் குட்டிகளுக்கும், இங்கேயே முறையாக வளர்த்து விற்ற குட்டிகளுக்கும் வித்தியாசம் யாருக்குத் தெரியப் போகிறது? சென்னை விமான நிலையத்தில் சுங்கத்துறை இப்படிப் பிடிப்பது அடிக்கடி செய்தியில் வருகிறது. ரசீது கேட்காமல், வாட்ஸ்அப்பில் படம் பார்த்து, ஆம்னி பஸ் பார்சலில் வரவழைத்து வாங்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். விற்கிற கடையும் 2018 விதிகளின்படி மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் எதற்கு?

வாடகைக்கு இருந்துகொண்டு இப்படிப் பிராணி வாங்குகிற இளைஞர்களிடம் நான் எப்போதும் கேட்பது வயதுக் கணக்கு. நம் ஒப்பந்தம் 11 மாதம். பால் பைத்தான் நன்றாக வளர்த்தால் 20 ஆண்டுக்கு மேல் இருக்கும். ஆப்பிரிக்க சாம்பல் கிளி 40, 50 ஆண்டு இருக்கும், வாங்கினவரின் பிள்ளை தலையெடுத்த பிறகும் இருக்கும். அதற்குள் எத்தனை வீடு மாற வேண்டும், எத்தனை ஓனரிடம் மறைக்க வேண்டும்? சிவப்புக் காது ஆமையை இரண்டு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும்போது விற்கிறார்கள். சில ஆண்டில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வந்துவிடுகிறது, தொட்டி போதவில்லை, தண்ணீர் நாறுகிறது, ஓனர் மூக்கைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறி வருகிறார். அன்று இரவே அது கோயில் குளத்திலோ கெடிலம் ஆற்றிலோ விடப்படுகிறது. புண்ணியம் என்றுகூட நினைத்து விடுகிறார்கள். உலகத்தில் மிக மோசமாகப் பரவும் 100 அந்நிய உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்ற ஆமை அது. நம் குளத்து ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். பெருமாள் ஏரியில் ஒன்று போய்ச் சேர்ந்தால் யார் தேடிப் பிடிப்பது?

நம் ஊர் புயல் ஊர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2011-ல் ‘தானே’ புயல், 2024 நவம்பர் கடைசியில் ‘பெஞ்சல்’ புயல். பெஞ்சலுக்குப் பிறகு சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை கரை புரண்டபோது, இரவோடு இரவாக வீட்டை விட்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். அந்த நேரத்தில் மாடியில் ஒரு பாம்புப் பெட்டி இருக்கிறது என்று பக்கத்தில் யாருக்கும் தெரியாவிட்டால் என்ன ஆகும்? பெட்டி கவிழ்ந்து பாம்பு வெளியே வந்தால், பழுப்புத் திட்டும் தடித்த உடம்புமாக இருக்கும் அந்த விஷமில்லாத பால் பைத்தானைக் கண்ணாடி விரியன் என்று அடித்துக் கொன்றுவிடுவார்கள். அதைவிட எனக்குப் பயம் தருவது, வெள்ளத்தில் ஒதுங்கிய நிஜ விரியனை, மாடி வீட்டுத் தம்பி வளர்த்ததுதானே என்று ஒரு பிள்ளை கையில் எடுத்துவிடுமோ என்பது.

இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் கொடுத்த வழிகாட்டுதலைக் காட்டி, யாரும் எதையும் தடுக்க முடியாது என்று வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது பெரும்பாலும் நாய் வளர்ப்பவர்களுக்கும் குடியிருப்போர் சங்கங்களுக்கும் இடையிலான தகராறுக்காக எழுதப்பட்டது. இரண்டு பேர் கையெழுத்துப் போட்ட வாடகை ஒப்பந்தத்தில் அதை நம்பிப் பாம்புப் பெட்டியோடு குடிபோகாதீர்கள். வாய்ச்சண்டையைவிடத் தாளில் எழுதுவதே இரண்டு பக்கத்துக்கும் பாதுகாப்பு. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி தமிழ்நாட்டில் ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். புதுச்சேரிக்கு 1969-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. எந்தச் சட்டமானாலும் பிராணி பற்றி என்ன எழுதலாம் என்பது ஓனரும் குடிவருகிறவரும் பேசி முடிவு செய்கிற விஷயம்தான்.

என் தெருவில் அந்தப் பறவை போன பிறகு, கேட்கிறவர்களுக்குப் பழைய வரிக்குப் பதிலாக நான் அடித்துக் கொடுக்கும் வாசகம் இது. எங்களுக்குத் தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் பார்த்துத் திருத்திக் கொடுத்தார்:

“குடியிருப்பவர் தம்முடன் இன்ன இனத்தைச் சேர்ந்த, இத்தனை எண்ணிக்கையுள்ள பிராணியை வைத்திருப்பதை வீட்டு உரிமையாளர் அறிந்து சம்மதித்திருக்கிறார். சட்டப்படி பதிவு தேவைப்படும் இனமானால் அதன் சான்று நகல் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. சட்டத்தால் தடை செய்யப்பட்ட எந்த உயிரினத்தையும் குடியிருப்பவர் மேற்படி வீட்டில் வைத்திருக்கக் கூடாது. வீட்டு உரிமையாளர் பூச்சி மருந்து, வர்ணம் அடித்தல் போன்ற வேலைகளை மூன்று நாள் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும். பிராணியால் சுவர், தரை, மின்கம்பி முதலியவற்றுக்கு ஏற்படும் சேதத்துக்குக் குடியிருப்பவரே பொறுப்பு. குடியிருப்பவர் ஊரில் இல்லாத காலத்திலும் அவசர காலத்திலும் மேற்படி பிராணியைக் கவனிக்கும் நபரின் பெயரும் தொலைபேசி எண்ணும் கீழே தரப்பட்டுள்ளன. புதிதாக எதையும் சேர்ப்பதானால் உரிமையாளரின் எழுத்துமூலச் சம்மதம் பெற வேண்டும்.”

இதை வைத்துப் பேசும்போது ஓனர்கள் முதலில் முகம் சுளிக்கிறார்கள், உண்மைதான். பாம்பு என்ற சொல்லைக் கேட்டவுடன் எழுந்து போனவரும் உண்டு. அது அவர் உரிமை. குடிவருகிறவர் வேறு வீடு பார்த்துக்கொள்ளட்டும், மறைத்துக் குடிவந்து பாதியில் காலி செய்வதற்கு அது எவ்வளவோ மேல். ஆனால் கூண்டின் அளவு என்ன, சத்தம் எப்போது போடும், யார் சுத்தம் செய்வார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு சம்மதித்தவர்களும் இருக்கிறார்கள். புதுப்பாளையத்தில் ஒரு பெரியவர், காலையில் பறவைக் கூண்டைத் தன் மொட்டை மாடி நிழலில் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ள அவராகவே இடம் கொடுத்தார். அந்தப் பறவை நோய்வாய்ப்பட்டபோது அவரே ஆட்டோ பிடித்துக் கொடுத்து, புதுச்சேரி குரும்பாப்பேட்டில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பிவைத்தார். ஓனருக்குத் தெரிந்து வளர்ந்ததால் நடந்தது அது.

இரண்டு கோரிக்கைகள். வாடகை ஒப்பந்தத்தைப் பதியும் படிவத்தில், வீட்டில் பிராணி உண்டா, இருந்தால் எந்த இனம் என்று ஒரு கட்டம் சேர்த்தால் பேச்சு அங்கேயே தொடங்கிவிடும். இரண்டாவது, கடலூர் வனத்துறை அலுவலகம் மாதத்தில் ஒரு நாள் டவுன் ஹாலிலோ வேறு பொது இடத்திலோ பதிவு முகாம் வைக்க வேண்டும். அவகாசத்தைத் தவறவிட்டவர்கள் இனி என்ன செய்யலாம் என்று நேரில் சொல்லட்டும். பயமுறுத்தாமல் சொன்னால் வருவார்கள்.

மேலே கொடுத்த வாசகத்தைத் தாங்கள் முழுமையாக வெளியிட்டால் மற்ற டைப்பிங் கடைக்காரர்களும் எடுத்துக்கொள்ளலாம். என் கடையில் கேட்டால் நகல் தருகிறேன், அதற்குத் தனியாகப் பணம் வாங்குவதில்லை.

இப்படிக்கு,
தட்டச்சுக் கடை நடத்தும் வாசகி,
மஞ்சக்குப்பம், கடலூர்.